அமைதியான குடாவில் கயிற்றைக் குறைக்காதீர்கள்

எங்கள் படகு கரை தட்டிய அன்று படுக்கப் போகும்வரை காற்றே இல்லை. சித்திரை மாதம். காரைநகர் கசூரினாக் கரைக்கு வெளியே கடல் குளத்துத் தண்ணீர் போலக் கிடந்தது. பாயை இறக்கி, நங்கூரத்தைப் போட்டுவிட்டுச் சோறு வைத்தோம். ஆழம் இரண்டரை மீற்றர்தான். நான் பத்து மீற்றர் கயிறு விட்டிருந்தேன். கூட வந்த பெடியன், "அண்ணை, இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று கேட்டான். "உந்தத் தண்ணிக்கு உது காணும், நீ படு" என்றேன்.

இரவு இரண்டு மணிபோல வடக்கே இடி முழங்கியது. கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி, கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கத் தொடங்கிவிட்டது. நாங்கள் எழும்பி மேலே வரும்போது சுக்கான் மணலில் இடித்துக்கொண்டிருந்தது. மணல் என்றபடியால் சுக்கான் வெடித்ததோடு போயிற்று. அதுவே வடமராட்சிப் பக்கத்து முருகைக்கல்லாக (பவளப்பாறையாக) இருந்திருந்தால் படகைத் துண்டுகளாகத்தான் பொறுக்கியிருப்போம்.

பாய்ப்படகு ஓட்டப் பழக்குவது என் தொழில். பழக வருகிறவர்கள் பாய் கட்டுவதையும் காற்றை வெட்டி ஓடுவதையும் ஆசையாகப் படிக்கிறார்கள். நங்கூரம் என்றதும், "தூக்கிப் போட்டால் சரிதானே" என்கிறார்கள். என்னைப் போன்ற பழகியவர்களும் அமைதியான இடத்தில் இதே தவறைத்தான் செய்கிறோம்.

நங்கூரம் தன் பாரத்தால் படகைப் பிடிப்பதில்லை. அதன் அலகு தரைக்குள் புதைந்து, இழுவை தரையோடு படுத்தபடி வந்தால்தான் பிடிக்கும். கயிறு குறைவாக இருந்தால் இழுவை மேல்நோக்கி வரும். அது நங்கூரத்தை நாமே கிளப்பி எடுப்பதற்குச் சமம். சங்கிலி முழுக்க இருந்தால் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு விட வேண்டும். கயிறும் நுனியில் ஐந்தாறு மீற்றர் சங்கிலியும் என்றால் ஏழு மடங்கு. புயல்காற்றுக்குப் பத்து மடங்கும் விடலாம். இந்தக் கணக்கில் பலர் விடும் பிழை ஒன்று உண்டு. ஆழம் என்பது தண்ணீரின் ஆழம் மட்டுமல்ல. தண்ணீர் மட்டத்திலிருந்து அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரத்தையும் கூட்ட வேண்டும். எங்கள் படகில் அது ஒரு மீற்றர். இரண்டரையும் ஒன்றும் மூன்றரை. ஏழால் பெருக்கினால் ஏறக்குறைய இருபத்தைந்து மீற்றர். நான் விட்டது பத்து. ஆழம் குறைந்த இடத்தில்தான் இந்த ஒரு மீற்றர் பெரிய வித்தியாசம் செய்யும். நம் பக்கத்துக் கடல் பெரும்பாலும் ஆழம் குறைந்ததுதான்.

இன்னொன்று, காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. மாலையில் பத்து நொட் (மணிக்குப் பத்துக் கடல் மைல்) காற்றில் அசையாமல் நின்ற நங்கூரம், இரவு முப்பது நொட்டிலும் நிற்கும் என்று நம்ப எந்த நியாயமும் இல்லை.

இடம் தெரிவு செய்வதற்குக் காற்றின் பெயர் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. அப்போது காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரைகளில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். கரையோரம் அடக்கமாக இருக்கும். மாரியில் வாடை என்ற வடகிழக்குக் காற்று வந்தால் அதே கரைகள் திறந்த வாசல். தீவுகளின் தெற்குப் பக்கத்து மறைவைத் தேட வேண்டியதுதான். இரண்டுக்கும் இடைப்பட்ட சித்திரையையும் ஐப்பசியையும்தான் நான் அதிகம் நம்புவதில்லை. பகல் முழுக்கச் சும்மா கிடக்கும். இரவில் இடிமழையோடு எந்தப் பக்கத்திலிருந்தும் அடிக்கும். அதனால் இப்போது வீசும் காற்றைப் பார்த்து மட்டும் இடம் பிடிக்காதீர்கள். காற்று திரும்பினால் படகு எங்கே போய் நிற்கும் என்று ஒரு வட்டம் மனதில் போடுங்கள். கயிற்றின் நீளமும் படகின் நீளமும் சேர்ந்ததுதான் அந்த வட்டத்தின் ஆரை. அதற்குள் கல்லோ, வலையோ, வேறு படகோ இருக்கக் கூடாது.

அப்புறம் அடித்தரை. மணல் நல்லது. இளஞ்சேற்றில் அகன்ற அலகுள்ள நங்கூரம் வேண்டும். சாதாளை என்ற கடற்புல் மண்டிய இடத்தில் நங்கூரம் ஒரு கட்டுப் புல்லை வாரிக்கொண்டு வழுக்கும். பிடித்ததுபோலவே தோன்றும், பிடித்திருக்காது. கடற்பசுக்கள் மேய்வதும் அந்தப் புல்லில்தான் என்பதால் அதைக் கிழிக்காமல் விடுவது எல்லோருக்கும் நல்லது. முருகைக்கல்லில் போட்டால் ஒன்றில் கயிறு அறுபடும், இல்லாவிட்டால் நங்கூரம் அங்கேயே தங்கிவிடும். தண்ணீர் தெளிவாக இருந்தால் நீச்சல் கண்ணாடியோடு இறங்கிப் பாருங்கள். கலங்கலாக இருந்தால் ஈயக்குண்டின் அடியில் கொஞ்சம் சவர்க்காரம் அப்பி இறக்குங்கள். மணலோ சேறோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். பழைய கப்பற்காரர் கொழுப்பு அப்பிச் செய்த வேலை இது.

போடும் முறை: முன்பாயை முதலில் இறக்கி அணியத்தில் இடம் ஒழுங்காக்குங்கள். காற்றை நேரே பார்த்து வந்து, படகு முற்றாக நின்றதும் நங்கூரத்தை மெல்ல இறக்குங்கள். வீசி எறிந்தால் சங்கிலி அதன் மேலேயே குவிந்து சுற்றிக்கொள்ளும். காற்று படகைப் பின்னே தள்ளத் தள்ளக் கயிற்றை விடுங்கள். இயந்திரம் இருந்தால் முழுக் கயிறும் போனபின் பின்னோக்கிக் கொடுத்து, அரை நிமிடமாவது இழுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பெரிய பாயின் அடித்தடியை (பாயின் கீழ் விளிம்பைத் தாங்கும் தடியை) பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள். பாய் முன்பக்கமாகக் காற்றை வாங்கிப் படகைப் பின்னுக்குக் கொண்டுபோகும். நங்கூரம் பிடித்தால் அணியம் வெடுக்கென்று காற்றுக்குத் திரும்பும். கயிற்றில் கையை வைத்துப் பாருங்கள். விம்மி நின்றால் சரி. அதிர்ந்து அதிர்ந்து வந்தால் நங்கூரம் தரையில் இழுபடுகிறது. எடுத்துத் திரும்பப் போட வேண்டும். அலுப்புத்தான், ஆனால் பகலில் செய்யும் அலுப்பு.

படகின் பின்புறத்தில் மட்டும் நங்கூரக் கயிற்றைக் கட்டாதீர்கள். அலை பின்னால் ஏறினால் சின்னப் படகு நிரம்பிவிடும்.

படுக்க முன் பக்கவாட்டில் ஒரே நேரில் தெரியும் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு பனையும் போதும். இரவென்றால் வெளிச்சமுள்ள இரண்டு. காற்று மாறாமல் அவை விலகினால் படகு நகர்கிறது. காற்று மாறியபின் விலகினால் படகு சுற்றியிருக்கலாம், புதிதாகக் குறியுங்கள். கைப்பேசிச் செயலியில் எச்சரிக்கை வைப்பதும் நல்லது, ஆனால் சார்ச் போனால் கோபுரம்தான் துணை.

எல்லாத் திசைக்கும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கை உயரத்தில் எரிய விடுங்கள். விடியப்புறம் தொழிலுக்குப் போகும் பைபர் போட்டுகள் வேகமாக வரும், அவற்றில் பலவற்றுக்கு வெளிச்சம் இல்லை. முருகைக்கல்லுக்கு நடுவே படகு போகும் வழியை வான் என்பார்கள்; அதன் வாயில் ஒருபோதும் தங்காதீர்கள். அது அவர்களுடைய ஒழுங்கை. இரவு தங்கப்போவதை ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் பக்கத்துக் கடற்படை முகாமுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்தப் பக்கம் நண்டு வலை கிடக்கிறது என்பதையும் சங்கத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை பாய் விரித்துப் போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்க் கடலோடிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு பத்து மீற்றர் கயிற்றோடு படுத்தவன் நான். அடுத்த நாள் கயிற்றைக் காயப்போட்டு, ஐந்து மீற்றருக்கு ஒரு சிவப்புத் துணியைப் பின்னிவிட்டோம். இருட்டிலும் கையால் தடவி எண்ணலாம். எண்ணுவது அந்தப் பெடியன்தான். ஐந்து துணி வெளியே போனபிறகுதான் எனக்குச் சோறு போடுகிறான்.