காய்ச்சல் இல்லாத குழந்தைக்கு எதற்குப் பாரசிட்டமால்?

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மருந்து கலந்து கொடுக்கும் வேலை எனக்கு. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லையே, பின்ன எதுக்கு பாரசிட்டமால்?" கேட்பது பெரும்பாலும் அம்மச்சிதான். நியாயமான சந்தேகம்.

கர்ப்பத்தில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அங்கே போகும் ரத்தத்தில் பெரும்பகுதியை, உடலெங்கும் ரத்தம் கொண்டுபோகும் மகாதமனிக்குத் திருப்பிவிட ஒரு சிறு குழாய் உண்டு, டக்டஸ் ஆர்டீரியோசஸ். நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்து இரண்டு மூன்று நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். 28 வாரத்துக்கு முன் பிறந்த பல குழந்தைகளுக்கு மூடாது. அதைத்தான் சீட்டில் பி.டி.ஏ. என்று எழுதுகிறார்கள். ஊரில் 'இருதயத்தில் ஓட்டை' என்று பரவிவிடும். இதயச் சுவரில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் குழாய் பெரிதாக இருந்தால் மகாதமனி ரத்தம் நுரையீரலுக்குள் திரும்பிப் பாயும். குடலுக்கும் கிட்னிக்கும் போவது குறையும்.

குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அதன் உற்பத்தியைக் குறைத்தால் குழாய் சுருங்கும். 1976-இல் இண்டோமெத்தசின் மருந்தால் இது முடியும் என்று தெரிந்தது. அடுத்து ஐபுபுரூஃபென் வந்தது: முதலில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், பிறகு 24 மணி நேர இடைவெளியில் 5 மில்லிகிராம் வீதம் இரண்டு முறை. இரண்டுமே கிட்னியைப் பாதிக்கலாம், ரத்தக்கசிவும் வரலாம். அதனால் சிறுநீர் அளவு, கிரியாட்டினின் (கிட்னி வேலை செய்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) பார்க்காமல் தொடமாட்டார்கள். இவை ஒத்துவராத குழந்தைகளுக்குப் பாரசிட்டமால் கைகொடுக்கிறது; அதுவும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கும். அதற்கு ஈரலைக் கவனிக்க வேண்டும்.

800 கிராம் குழந்தைக்கு ஒரு வேளைப் பாரசிட்டமால் 12 மில்லிகிராம். ஊசி மருந்தில் 1.2 மில்லி. புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் 12 மில்லி, பத்து மடங்கு! அதனால் நான் கணக்குப் போட்டதை நர்ஸ் தனியாக ஒருமுறை போட்டுப் பார்ப்பார். விடை ஒத்துப்போன பிறகுதான் சிரிஞ்ச் பம்பில் ஏறும். வீட்டிலிருக்கும் 650 மாத்திரை ஒன்றில் இந்தக் குழந்தைக்கு ஐம்பது வேளைக்கு மேல் மருந்து இருக்கிறது. எனவே 'வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கலாமா' என்ற யோசனையே வேண்டாம்.

எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் குழாயை மூட மருந்து தரக்கூடாது. சில பிறவி இதயக் கோளாறுகளில் அந்தக் குழாய்தான் உயிரைத் தாங்குகிறது. அங்கே புரோஸ்டாகிளாண்டினையே சொட்டுச் சொட்டாக ஏற்றி, மூடாமல் பார்த்துக்கொள்வோம்.

இன்னொன்று. "மருந்தே கொடுக்காம சும்மா வச்சிருக்காங்க" என்று கோபப்படும் அப்பாக்கள் உண்டு. 2023-இல் நெதர்லாந்து உள்ளிட்ட நாடுகளிலும், 2024-இல் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகளில், எல்லாருக்கும் முந்திக்கொண்டு ஐபுபுரூஃபென் கொடுத்ததால் பெரிய நன்மை தெரியவில்லை. பல குழந்தைகளுக்குக் குழாய் தானாகவே மூடுகிறது. காத்திருந்து கவனிப்பதும் சிகிச்சைதான். மருந்துக்கு மசியாத சிலருக்கு மட்டும் வடிகுழாய் வழியாக அடைப்பான் வைப்பதோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும்.

இந்தப் பக்கம் பிறந்த குழந்தையைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகிறீர்களா? எந்த மருந்து, எத்தனை வேளை, கடைசி வேளை எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எக்கோ, கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் அங்குள்ளவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்புறம், கர்ப்பிணிகளுக்கு. இதே ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளைக் கடைசி மாதங்களில் சாப்பிட்டால் வயிற்றுக்குள்ளேயே அந்தக் குழாய் சுருங்கிவிடலாம். 20 வாரத்துக்கு மேல் டாக்டர் சொல்லாமல் எடுக்கக்கூடாது. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை கேட்கும்போது எத்தனை மாதம் என்பதையும் சொல்லுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை மட்டும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது வேறு காரணத்துக்காகத் தருவது.