பொது ஆளுநரா, ஆட்சித் தலைவரா?

'1916 ஜூலையில் அடோல்ஃப் ஃபான் ரேமன் செர்பியாவின் இராணுவப் பொது ஆளுநரானார்.' ரேமன், செர்பியாவில் ஆஸ்திரிய-ஹங்கேரி கைப்பற்றிய பகுதியை ஆண்ட அந்நாட்டுப் படைத்தளபதி. முதல் உலகப் போர் பற்றிய மொழிபெயர்ப்புகளில் இந்தப் 'பொது ஆளுநர்' ஓயாமல் வருகிறார். போன வாரம் தங்கை மகள் வாசித்துவிட்டு, "பொதுமக்களுக்குன்னு தனியா ஒரு ஆளுநரா பெரியம்மா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை.

கவர்னர் என்ற சொல்லின் வேர் கிரேக்கம். கப்பலைச் செலுத்துபவன் என்று பொருள். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஜெர்மனுக்குப் போய், ரேமனின் பதவிப் பெயரில் 'கெனரால்குவெர்னோர்' (கவர்னர் ஜெனரல்) ஆனது.

சிக்கல் அந்தக் 'கெனரால்', அதாவது ஜெனரல்தான். பொதுச் செயலாளர் நிலைத்துவிட்டது, விட்டுவிடலாம். ஆனால் பதவிப் பெயரில் வரும் ஜெனரலுக்கு, மற்ற எல்லோருக்கும் மேலே இருப்பவர் என்பதே பொருள். அட்டர்னி ஜெனரலைப் 'பொது வழக்கறிஞர்' என்றா சொல்கிறோம்? இலங்கைத் தமிழர் கவர்னரைத் தேசாதிபதி என்றும், கவர்னர் ஜெனரலை மகாதேசாதிபதி என்றும் அன்றே பிரித்துச் சொன்னார்கள். வடசொல்தான்; ஆனாலும் பொருள் பிசகவில்லை. செர்பியாவிலும் வட்டாரந்தோறும் ஓர் இராணுவ அலுவலகம் இருந்தது. அத்தனைக்கும் மேலே ரேமன்.

'தலைமை ஆளுநர்' போதுமே என்பார்கள். போதாது. ஆளுநர் என்றதும் நம் வாசகர் மனத்தில் ஆளுநர் மாளிகை வந்து நிற்கும். அமைச்சரவை முடிவெடுக்கும், அவர் கையெழுத்திடுவார். ரேமன் அப்படிப்பட்டவர் அல்ல. 1914-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 13-ஆம் கோர் என்ற பெரும்படைப் பிரிவை நடத்திக்கொண்டு இதே செர்பியாவுக்குள் புகுந்தவர். பிறகு தலைநகர் பெல்கிரேடில் உட்கார்ந்து நிர்வாகம், நீதி எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருந்தார். பதில் சொல்ல வேண்டியது வியன்னா அமைச்சர்களுக்கு அல்ல, இராணுவத் தலைமையகத்துக்கு. அந்த ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் சிரிலிக் எழுத்தில் படிக்கக்கூடத் தடை இருந்தது.

அதனால் நான் 'இராணுவ ஆட்சித் தலைவர்' என்றே எழுதுகிறேன். கலெக்டரை மாவட்ட ஆட்சித் தலைவர் என்று சொல்லிப் பழகியவருக்கு, உத்தரவு யாரிடமிருந்து பிறக்கிறது என்பது உடனே புரியும். நண்பர் ஒருவர் 'படையாட்சியர்' என்றார். சுருக்கம், தனித்தமிழ். தூய்மையில் எனக்கும் பிடிவாதம் உண்டு. ஆனால் அது காதில் ஒரு சாதிப் பெயராகத்தான் விழுகிறது.

அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுவதுதான் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல். ரேமனுக்கு முன்பு, 1916 தொடக்கத்தில், அங்கே இருந்தவர் சாலிஸ்-ஸேவிஸ். நான் வாசித்த ஒரு நூலுக்குள்ளேயே அவர் 'ஜெனரல் ஆளுநர்', ரேமன் 'பொது ஆளுநர்'. இருவரும் வகித்தது ஒரே பதவி.