பிருந்தகானம்: சேர்ந்திசையா, குரவையா?

திருவாதிரையோடு முடியும் பத்து நாள்களும் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவெம்பாவை. விடியப்புறத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க ஒழுங்கைகளில் பாடிக்கொண்டு போவார்கள். அதற்கு யாரும் தனிப்பெயர் வைப்பதில்லை. அதே இருபது பாட்டும் ஆடலோடு மேடையேறினால் மட்டும் நிகழ்ச்சி நிரலில் 'பிருந்தகானம்' என்று அச்சாகிவிடுகிறது.

சொல் வடமொழி. 'வ்ருந்தம்' என்றால் கூட்டம், 'கானம்' பாட்டு. 13ஆம் நூற்றாண்டு இசை நூலான சங்கீத ரத்னாகரம் பாடுவோரும் வாசிப்போரும் சேர்ந்த குழுவை வ்ருந்தம் என்கிறது. முதல் தரக் குழுவுக்குத் தலைமைப் பாடகர் 4, துணைப் பாடகர் 8, பாடும் பெண்கள் 12, குழல் 4, மத்தளம் 4 எனக் கணக்கும் தருகிறது. துளசியைக் குறிக்கும் 'பிருந்தா' வேறு சொல். ஆகவே 'பிருந்தாகானம்' என்று கால் போட்டு எழுதுவது பிழை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பாடசாலைப் போட்டிகளில் 'குழு இசை' பழகிவிட்டது. தேவாலயங்களில் பாடுவோருக்குப் 'பாடகர் குழாம்' என்ற அழகான பெயர் உண்டு. ஆனால் அது ஆள்களைக் குறிப்பது, பாட்டை அல்ல. பாட்டுக்குச் 'சேர்ந்திசை'தான் பொருத்தம். சென்னையில் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் வளர்த்த குழுப்பாடலால் பரவலான சொல் இது.

ஆடலும் சேர்ந்தால்? உடனே 'குரவை' என்று சொல்லத் தோன்றும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் இடைக்குலப் பெண் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஆளுக்கொரு சுரத்தின் பெயர் வைக்கிறாள். குரல் மாயவன், இளி பலராமன், துத்தம் நப்பின்னை. அப்புறம் கைகோத்து அவர்களே பாடி ஆடுகிறார்கள். வேறுபாடு இங்கேதான். நமது மேடையில் பாடுவோர் ஓரமாக இருப்பார்கள். ஆடுவோர் வாய் திறப்பதில்லை. அதைக் குரவை என்பது கொஞ்சம் அதிகம். 'சேர்ந்திசையும் குழு நடனமும்' என்று எழுதினால் போதும்.

ஆனால் திருவெம்பாவைக்கு ஒரு சலுகை கொடுக்கலாம். 'ஒண்ணித் திலநகையாய் இன்னம் புலர்ந்தின்றோ' என்று வெளியே நிற்பவர்கள் கேட்க, எல்லாரும் வந்துவிட்டார்களா என்று உள்ளே படுத்திருப்பவள் திருப்பிக் கேட்கிறாள். எண்ணிப் பார்த்துச் சொல்கிறோம், அதுவரை கண்ணை மூடி வீணாகக் காலத்தைக் கழிக்காதே என்று வெளியிலிருந்து பதில் வருகிறது. ஆடும் பிள்ளைகளையே இரு அணியாக்கி இதைப் பாடவும் விட்டால், குரவை என்ற பெயரைத் தாராளமாகப் போடலாம்.

கூடவே வரும் 'வாத்தியப் பிருந்தம்' என்பதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. பல இசைக்கருவிகள் சேர்ந்து ஒலிப்பது பல்லியம். சங்கப் புலவர் ஒருவரின் பெயரே நெடும்பல்லியத்தனார்.