யின் – யாங்: சொல்லும் சுபாவமும்

மலையில் வெயில் படும் சரிவு யாங். நிழல் விழும் சரிவு யின். எதையும் எதிரெதிர் இணையாகப் பார்க்கும் சீனக் கொள்கை ஒன்றின் பெயரான இவ்விரு சொற்களுக்கும் முதற்பொருள் இவ்வளவுதான். இரண்டு எழுத்துகளிலும் இடப்பக்கம் மேட்டைக் குறிக்கும் ஒரே உறுப்பு. மரபு எழுத்து வடிவத்தில் வலப்பக்கம் யாங்கில் சூரியனும் யின்னில் மேகமும் இருக்கும். சீனத்தில் வெயில் தெற்கிலிருந்து விழுவதால் மலைக்குத் தென்சரிவு யாங், ஆற்றுக்கோ தெற்கு நோக்கிய வடகரை யாங். லுவோ ஆற்றின் வடகரையில் அமைந்த பழைய தலைநகருக்கு லுவோயாங் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

பொழுது நகர்ந்தால் வெயிலும் நகரும். ஆகவே இவை ஒரு பொருளின் நிலையான குணங்கள் அல்ல. எதனோடு ஒப்பிடுகிறோம், எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தவை. தாவோ நெறியின் பழைய சீன நூலான 'தாவோ தே ஜிங்' 42ஆம் அத்தியாயம், எல்லாப் பொருளும் யின்னை முதுகில் சுமந்து யாங்கை அணைத்திருக்கிறது என்கிறது. "நான் யின் ஆள்" என்று ஒருவர் தமக்கு முத்திரை குத்திக்கொள்வது இந்த அடிப்படைக்கே முரண்.

மனித சுபாவத்தை இந்த அளவுகோலால் வகுத்த பழைய நூல் ஒன்று உண்டு. சீன மருத்துவ நூலான 'லிங்ஷு', தன் 72ஆம் அத்தியாயத்தில் ஐந்து வகை மனிதரைச் சொல்கிறது. யின் மிகுந்தவர் பணிவாகத் தெரிவார். வாங்கப் பிடிக்கும், கொடுக்கப் பிடிக்காது. மனத்தில் உள்ளதைக் காட்டமாட்டார். பிறர் செய்த பிறகே அசைவார். யாங் மிகுந்தவர் பெரிய விஷயங்களையே பேசுவார். காரியம் கெட்டாலும் வருந்தமாட்டார். யாங் சற்றே கூடிய சிறுயாங் வகையினர் சின்னப் பதவி கிடைத்தாலும் பெருமை பேசுவார். வெளியாரோடு நன்றாகப் பழகுவார், வீட்டோடு ஒட்டமாட்டார். கைகளைப் பின்னால் கட்டி உடம்பை ஆட்டி நடப்பார். யின் சற்றே கூடிய சிறுயின் வகையினர் பிறர் வாழ்வு கண்டு எரிவார். ஐந்தாமவரிடம் இரண்டும் இசைந்திருக்கும்: அச்சமும் இல்லை, அதிகக் களிப்பும் இல்லை, காலத்துக்கு ஏற்ப மாறுவார். ஊசி மருத்துவம் செய்பவர் யாருக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இந்தப் பகுப்பு. ஜாதகம்போலப் பலன் சொல்ல அல்ல.

தம்மைப் பார்க்க விரும்புவோர் ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொள்ள வேண்டும்: அலுவலகக் கூட்டம், அல்லது வீட்டில் நடக்கும் வாக்குவாதம். யார் முதலில் பேசினார், முடிவை யார் எடுத்தார், யார் கேட்டுக்கொண்டிருந்தார், யார் பொறுத்துப் போனார் என்று அன்றே குறித்து வைக்கலாம். முதலில் பேசுவதும் முடிவெடுப்பதும் யாங், கேட்பதும் பொறுத்துப் போவதும் யின். அடுத்து வேறொரு சூழலில் அதையே செய்யுங்கள். மேலதிகாரி முன் யின்னாக இருப்பவர் பிள்ளைகள் முன் யாங்காக இருப்பது சாதாரணம். சோர்வாக இருக்கும் நாளில் மட்டும் பார்த்தால் கணக்கு யின் பக்கம் சாய்ந்துவிடும். இன்னொன்று, உச்சம் தொட்டது எதிர்ப்பக்கம் திரும்பும் என்பது இக்கொள்கையின் விதி: எல்லாவற்றையும் அடக்கிவைப்பவர் ஒருநாள் வெடிப்பதும், ஓய்வின்றி ஓடுபவர் படுக்கையில் விழுவதும் அதனால்தான். சமன் என்றதும் பாதிக்குப் பாதி என்று நினைத்துவிடக் கூடாது. துக்க வீட்டில் யின் கூடுதலாக இருப்பதே பொருத்தம்.

யின் – யாங் இணையைத் தமிழில் 'நன்மை – தீமை' என்று எழுதுவது முழுத் தவறு, யின் தீயதல்ல. 'பெண்மை – ஆண்மை' இதன் ஒரு கிளைப்பொருள் மட்டுமே. 'சிவம் – சக்தி' என்பதும் பொருந்தாது, அங்கே இயக்கம் சக்தியுடையது, இங்கே யாங்குடையது. மூலப்பொருளை அப்படியே தாங்குவது 'நிழல் – வெயில்'. சுபாவத்தைப் பேசும்போது 'நிழற்கூறு', 'வெயிற்கூறு' என்று எழுதலாம். கூறு என்றதுமே இரண்டும் ஒருவருக்குள் இருப்பது விளங்கிவிடுகிறது.