வீடு திரும்பிய பிள்ளைகளை மட்டும் எண்ணினால்

அடி, பட்டினி, பெற்றோரின் போதைப் பழக்கம் என்று ஏதோ ஒரு காரணத்தால் பிள்ளை வீட்டில் இருப்பது ஆபத்து என்றானால், அமெரிக்காவில் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அரசு அந்தப் பிள்ளையைப் பொறுப்பேற்கிறது. உறவினர் வீட்டிலோ வளர்ப்புக் குடும்பத்திலோ தங்கவைக்கிறது. வீட்டு நிலைமை சீரானால் பிள்ளை திரும்பிப் போகும். இல்லாவிட்டால் தத்து, அல்லது நிரந்தரக் காப்பாளர். இந்த இடைக்காலம் நீளக் கூடாது. கடைசி 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை அரசுப் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை நீக்கக் கோரி அரசே வழக்குப் போட வேண்டும் என்று 1997-ல் சட்டமே வந்தது.

ஒரு மாநிலம் இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி? 2001-ல் மத்திய அரசு மாநிலம் மாநிலமாக ஆய்வு தொடங்கியது. பாதுகாப்பு, நிரந்தரம், நலன் என்ற மூன்று தலைப்புகளின் கீழ் ஏழு விளைவுகள். 2004-ல் முதல் சுற்று முடிந்தபோது, ஏழிலும் தேறிய மாநிலம் ஒன்றுகூட இல்லை. தேறாதவை திருத்தத் திட்டம் போட்டு நிறைவேற்றியாக வேண்டும்.

அந்தச் சுற்றின் அளவுகோல்களில் ஒன்று இப்படிப் போனது: பெற்றோரிடம் திரும்பிய பிள்ளைகளில் குறைந்தது 76.2 சதவீதம் பேர், பராமரிப்புக்கு வந்த 12 மாதத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு கற்பனை மாவட்டத்தில் போட்டுப் பார்ப்போம். இந்த ஆண்டு வீடு திரும்பியவர்கள் 80 பேர். அதில் 64 பேர் ஓராண்டுக்குள் திரும்பியவர்கள். 80 சதவீதம், மாவட்டம் பாஸ். அடுத்த ஆண்டு அலுவலகம் விழித்துக்கொள்கிறது. மூன்று, நான்கு ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்த கோப்புகளைத் தூசி தட்டி, கூடுதலாக 20 பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்க்கிறது. இப்போது திரும்பியவர்கள் 100. ஓராண்டுக்குள் திரும்பியவர்கள் அதே 64. 64 சதவீதம், ஃபெயில். முன்பைவிட நல்ல வேலை செய்ததற்குக் கிடைத்த தண்டனை இது.

ரேஷன் கடை வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அறிய, பையோடு வெளியே வருகிறவர்களை மட்டும் விசாரிப்பது போலத்தான். வரிசையில் இன்னும் நிற்பவர் கணக்கிலேயே வரமாட்டார். அப்படியானால் வரிசையில் நிற்பவர்களையே கேட்டுவிடலாமே என்றால், அதிலும் வேறொரு கோணல். ஒரு குறிப்பிட்ட நாளில் பராமரிப்பில் இருப்பவர்களைத் தலை எண்ணினால், இரண்டு மாதத்தில் வந்து போகும் பிள்ளை அந்த நாளில் சிக்குவது அரிது. ஐந்து ஆண்டு தங்கும் பிள்ளை தவறாமல் சிக்கும். உள்ளே வரும் எல்லாப் பிள்ளைகளும் ஆண்டுக்கணக்கில் தங்குவதாக ஒரு பொய்ச் சித்திரம் கிடைக்கும்.

நேரான வழி, வாசலில் நின்று எண்ணுவது. ஒரே ஆண்டில் உள்ளே வந்த எல்லாரையும் ஒரு குழுவாக எடுத்துக்கொண்டு, 12 மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் நிரந்தரமான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்ப்பது. ஆய்வாளர்கள் பல காலம் சொல்லிவந்த இதை, 2015-ல் தொடங்கிய மூன்றாம் சுற்றில்தான் மத்திய அரசு முழுமையாக ஏற்றது. ஏற்கெனவே ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை இருப்பவர்களுக்கும், இரண்டாண்டைத் தாண்டியவர்களுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தார்கள். பழைய கோப்பைத் தீர்த்துவைத்தால் இனி அது வரவுப் பக்கத்தில் ஏறும்.

வேகத்தை மட்டும் அளந்தால் அலுவலகங்கள் அவசரப்பட்டுப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் ஆபத்தும் உண்டு. அதனால் திரும்பிப் போன பிள்ளை 12 மாதத்துக்குள் மறுபடி பராமரிப்புக்கு வந்துவிட்டதா என்று இன்னொரு எண் கூடவே ஓடுகிறது. ஒன்று மேம்பட்டு மற்றது கெட்டால் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதேபோல், பிள்ளை எத்தனை வீடு மாறியது என்பதை இப்போது 1,000 பராமரிப்பு நாட்களுக்கு இத்தனை இடமாற்றம் என்று அளக்கிறார்கள். ஒரு மாதம் இருந்த பிள்ளையையும் பதினோரு மாதம் இருந்த பிள்ளையையும் ஒரே தராசில் வைக்க இதைவிட ஒழுங்கான வழி எனக்குத் தெரியவில்லை.

எண் எங்கே கோளாறு என்று காட்டுமே தவிர, ஏன் என்று சொல்லாது. அதற்குத்தான் கோப்பு வாசிப்பு. மூன்றாம் சுற்றில் மாநிலத்துக்குக் குறைந்தது 65 கோப்புகள், ஒவ்வொன்றிலும் 18 அம்சங்கள். கோப்பைப் படிப்பதோடு நிற்காமல், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை, பெற்றோர், வளர்ப்புப் பெற்றோர், சமூகப் பணியாளர் என்று உரியவர்களிடம் பேசுகிறார்கள். பணியாளர் மாதம் ஒருமுறை பிள்ளையைப் போய்ப் பார்த்ததாகக் கணினியில் பதிவு இருக்கும். பிள்ளையிடம் தனியாகப் பேசினாரா, வீட்டு வாசலிலேயே நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினாரா என்பது விசாரித்தால்தான் தெரியும். என் கணிப்பில், இந்த அமைப்பின் உயிர் புள்ளிவிவரத்தில் இருப்பதைவிட இந்த விசாரணையில்தான் அதிகம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டெல்லியிலிருந்து வரும் பரிசோதகர் மாதிரி வாஷிங்டன் ஆட்கள் வந்து போனால் மட்டும் போதாது என்று, 2012 ஆகஸ்டில் மத்திய குழந்தைகள் பணியகம் மாநிலங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. தரவு சேகரிப்பு, கோப்பு ஆய்வு, அலசல், கிடைத்ததைக் களப் பணியாளர்வரை கொண்டுசேர்த்து நடைமுறையை மாற்றுவது, இவற்றை நடத்த ஒரு நிர்வாக ஏற்பாடு. இவை ஆண்டு முழுக்க மாநிலத்துக்கு உள்ளேயே சுழல வேண்டும் என்றது. இந்தச் சுழற்சிக்குத்தான் தொடர் தர மேம்பாடு என்று பெயர்.

உள்ளேயே சுழல வேண்டியதற்குக் கணக்கிலேயே ஒரு காரணம் இருக்கிறது. உள்ளே வரும் பிள்ளைகளைக் குழுவாகச் சேர்க்க ஓராண்டு, கடைசியாக வந்தவருக்கும் 12 மாதம் முடிய இன்னோர் ஆண்டு, மறுவருகை உண்டா என்று பார்க்க மூன்றாவது ஆண்டு. இன்று ஒரு மாற்றத்தைப் புகுத்தும் அலுவலகம், தேசிய அளவுகோலில் முழு விடை கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. அடுத்த காலாண்டில் பத்துக் கோப்பை எடுத்துப் படித்து, பத்துக் குடும்பங்களிடம் பேசினால், மாற்றம் பிள்ளையின் வீடுவரை போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று அரைகுறையாகவாவது தெரிந்துவிடும்.