அந்துப்பூச்சி: சொல்லும் இலங்கை இனங்களின் பெயரீடும்

'அந்து' என்பது ஒரு பெருங்கூட்டத்தின் பெயராகப் பிறந்த சொல் அன்று. சேமித்த நெல்மணியைத் துளைத்து உள்ளீட்டைத் தின்னும் புழுவையும், அது வளர்ந்து வெளிவரும் வைக்கோல் நிறச் சிறு பூச்சியையுமே வழக்கில் அந்து என்றனர்; 'அந்து பிடித்த நெல்' என்னும் தொடரில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. அறிவியல் தமிழ் அச்சொல்லை விரித்து, ஆங்கிலத்தில் மாத் எனப்படும் பூச்சிகள் அனைத்துக்கும் 'அந்துப்பூச்சி' என்று பெயரிட்டது. 'விட்டில்' இதனினும் இனிய சொல்தான். ஆயினும் அது வெட்டுக்கிளியையும் குறிப்பதால் வகைப்பாட்டு நூலுக்கு ஏற்றதன்று.

அந்துப்பூச்சி என்பது வகைப்பாட்டில் ஒரு தனிப்பிரிவும் அன்று. அந்துப்பூச்சிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் சேர்ந்து அடங்கும் பூச்சி வரிசையின் பெயர் லெபிடாப்டெரா; செதில் எனவும் இறகு எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது அது. செதிலிறகிகள் என்பது அதற்குப் பொருந்திய தமிழாக்கம். ஏறத்தாழ 1,60,000 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ள இவ்வரிசையில் வண்ணத்துப்பூச்சிகளை நீக்கிய பின் எஞ்சும் அனைத்தையும் அந்துப்பூச்சி என்கிறோம்.

உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடிய அறிஞர் லின்னேயசு 1758இல் இவ்வரிசை முழுவதையும் பப்பிலியோ, சுபிங்சு, ஃபலேனா என மூன்றே பேரினங்களில் அடக்கினார். ஃபலேனாவின் உட்பிரிவுகளுக்கு அவர் இட்ட நொக்துவா, சியோமெட்ரா, டார்ட்ரிக்சு, டினியா முதலிய பெயர்களே பின்னர்க் குடும்பப் பெயர்களுக்கு வேராயின. இனப்பெயரின் ஈற்றிலேயே பிரிவு தெரியும்படி டார்ட்ரிக்சுக்கு 'அனா' என்றும் டினியாவுக்கு 'எல்லா' என்றும் அவர் வகுத்த முறையைப் பிறரும் பின்பற்றினர். நெல் அந்துவின் பெயரான சிட்டோட்ரோகா செரியலெல்லாவில் அந்த ஈறு இன்றும் இருக்கிறது. சியோமெட்ரா என்றால் நிலம் அளப்பவர்; உடலை வளைத்து வளைத்து நகரும் அதன் புழுவைக் கண்டு இட்ட பெயர். அவ்வளைவைத் தமிழ் உழவர் காவடியாகக் கண்டு 'காவடிப்புழு' என்றனர். அழகிய பெயரெனினும் அதைச் சியோமெட்ரிடே குடும்பத்துக்குரியதாக்க இயலாது. ஆமணக்கைத் தின்னும் காவடிப்புழு எரிபிடே என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

இலங்கையின் இனங்களுக்கு முறையான அடித்தளம் இட்டது, ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஃபிரெடரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூல். அவர் பெயரிட்ட பேருருவ அந்துப்பூச்சிகளுள் ஒன்று அட்டாகசு தப்ரோபானிசு. தப்ரோபனே என்பது கிரேக்கர் அத்தீவுக்கு வழங்கிய பெயர். அதைத் தாமிரபரணி என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். ஆனால் இப்பூச்சி தென்னிந்தியாவிலும் வாழ்கிறது. தீவின் பெயரைத் தாங்குவதாலேயே ஓர் இனம் அத்தீவுக்கு மட்டும் உரியதாகிவிடாது என்பதைப் பட்டியல் தொகுப்போர் மறத்தலாகாது.

படிநிலைச் சொற்களிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டு நூல்கள் வரிசை, பேரினம், சிற்றினம் என்பவற்றை இலங்கைப் பாடநூல்கள் வருணம், சாதி, இனம் என வழங்குகின்றன. எவ்வழக்கும் பிழையன்று, ஒரே பட்டியலில் இரண்டையும் கலப்பதே பிழை. குறிப்பாக 'இனம்' என்னும் சொல்லைப் பேரினத்துக்குச் சுருக்கமாக ஆளுதல் கூடாது. அறிவியற்பெயரை மொழிபெயர்க்காது ஒலிபெயர்த்தே எழுத வேண்டும். தமிழ்ப்பெயரை அதனருகில் தனியே தரலாம்.