வினைவழிமுறை

வேதியியலில் ‘மெக்கானிசம்’ என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தரும் சொல் வினைவழிமுறை. எந்தப் பிணைப்பு முதலில் முறிகிறது, எலக்ட்ரான் இணை எங்கிருந்து எங்கே நகர்கிறது, நடுவே எந்தத் துகள் தோன்றி மறைகிறது, எந்தப் படி மெதுவானது என்று ஒரு வினையின் போக்கைப் படிப்படியாகச் சொல்வது அது. சமன்செய்த சமன்பாட்டில் இதில் எதுவும் இருக்காது. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தது, அந்தப் பக்கம் என்ன வந்தது என்பதோடு சமன்பாட்டின் வேலை முடிந்துவிடும்.

மெக்கானிசம் என்ற சொல்லின் மூலம் கிரேக்கத்தின் ‘மேகானே’. கருவி, உபாயம் என இரு பொருளும் அதற்கு உண்டு. இலத்தீனில் ‘மாக்கினா’ ஆகி, மெஷின், மெக்கானிக் எல்லாம் அதிலிருந்தே கிளைத்தன. தமிழில் இதற்கு மிக நெருங்கியது ‘பொறி’. எந்திரமும் பொறி, எலியைப் பிடிக்கும் உபாயமும் பொறி. இலங்கைப் பாடநூல்கள் ‘பொறிமுறை’ என்று எழுதுவது அந்த வகையில் மூலச் சொல்லுக்கு நேரான ஆக்கம். ஆனால் அங்கே வேதிவினைக்குத் ‘தாக்கம்’ என்று பெயர். ‘தாக்கப் பொறிமுறை’ என்று படித்ததும் தமிழ்நாட்டு மாணவருக்கு மோதலோ பாதிப்போதான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றே என்று தெரிந்துகொண்டால் இலங்கை நூல்களையும் தடையின்றிப் படிக்கலாம்.

வினை பழஞ்சொல். தொல்காப்பியத்தில் வினைச்சொல்லுக்கென்றே ‘வினையியல்’ என ஓர் இயல் உண்டு. செயல், செயலின் விளைவு என்ற இரண்டையும் வினை குறிக்கும் என்பதால் வேதிவினைக்கு அது பொருந்திப் போனது. வழி, முறை இரண்டும் சேரும்போது பாதையும் வரிசையும் ஒருங்கே கிடைக்கின்றன. பேச்சில் சிலர் ‘செயல்முறை’, ‘செய்முறை’ என்றும் இதைச் சொல்கிறார்கள், அது பொருந்தாது. ஆய்வகத்தில் குடுவையில் எதை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது செய்முறை. ஊற்றியபின் மூலக்கூறுகள் என்ன செய்கின்றன என்பதுதான் வினைவழிமுறை.

பன்னிரண்டாம் வகுப்பில் வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பெராக்சைடு மூலக்கூறுகள் சிதைந்து இரண்டு நீர் மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் வரும் என்பது சமன்பாடு. அதை மட்டும் பார்த்தால், பெராக்சைடின் செறிவை இரட்டிப்பாக்கும்போது வேகம் நான்கு மடங்காகும் என்று எழுதத் தோன்றும். சிறிது பொட்டாசியம் அயோடைடு சேர்த்து அளந்தால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகிறது. அயோடைடை இரட்டித்தாலும் அதேபோல் இரண்டு மடங்கு. காரணம், வினை இரு படிகளில் நடக்கிறது. முதல் படியில் ஒரு பெராக்சைடும் ஓர் அயோடைடு அயனியும் சேர்ந்து நீரும் ஹைப்போ அயோடைட் அயனியும் ஆகின்றன, இது மெதுவானது. இரண்டாம் படியில் அந்த ஹைப்போ அயோடைட் இன்னொரு பெராக்சைடோடு சேர்ந்து நீரையும் ஆக்சிஜனையும் தந்து, அயோடைடைத் திருப்பிக் கொடுக்கிறது, இது விரைவானது.

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் சரக்கேற்றி வரும் லாரி எப்போது வந்து சேரும் என்பதைத் தொப்பூர் ஏற்றம் முடிவு செய்வதுபோல, மொத்த வேகத்தை மெதுவான படியே முடிவு செய்கிறது. அதற்குப் பெயர் வேகத்தைத் தீர்மானிக்கும் படி. அயோடைடு போன இடத்திலிருந்து அப்படியே திரும்பி வருவதால் அது வினைவேகமாற்றி. ஹைப்போ அயோடைட் நடுவே தோன்றி மறைவதால் அது இடைநிலைப் பொருள். இந்த இரண்டையும் தேர்வில் மாற்றி எழுதுவோர் அதிகம். கரைசலில் அமிலம் கலந்துவிட்டால் வேறொரு வழி திறந்து, அயோடின் வெளிப்பட்டுக் கரைசல் பழுப்பாகும். அப்போது எடுத்த வேக அளவீடு எதற்கும் உதவாது.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து மரவள்ளியில் இதே பாடம் உணவாகவே கிடக்கிறது. குச்சிக்கிழங்கு என்னும் இந்த மரவள்ளிக் கிழங்கில் லினமாரின் என்ற சேர்மம் உண்டு. குளுக்கோஸோடு பிணைந்திருக்கும் வரை அதிலிருந்து சயனைடு வெளிவராது. அதை உடைக்கும் லினமாரேஸ் நொதி அதே செல்லின் சுவரில் இருக்கிறது; லினமாரினோ செல்லின் உள்ளே நுண்குமிழில் அடைபட்டிருக்கிறது. துருவினாலோ இடித்தாலோதான் இரண்டும் சந்திக்கும்.

சந்தித்ததும் முதல் படி: நொதி குளுக்கோஸைக் கழற்றி, அசிட்டோன் சயனோஹைட்ரின் என்ற இடைநிலைப் பொருளை விடுகிறது. இந்த ஒரு படிக்குள்ளேயே இரண்டு உட்படிகள் உள்ளன. குளுக்கோஸ் முதலில் நொதியோடு ஒட்டிக்கொள்கிறது, பிறகு நீர் வந்து அதை விடுவிக்கிறது. இரண்டாம் படியில் சயனோஹைட்ரினின் ஹைட்ராக்சில் தொகுதி ஒரு புரோட்டானை இழக்கிறது. ஆக்சிஜன் கார்பனோடு இரட்டைப் பிணைப்பு கொள்ள, சயனைடு அயனி வெளியேறுகிறது. மிஞ்சுவது அசிட்டோன். வெளியேறிய சயனைடு ஒரு புரோட்டானைப் பிடித்து ஹைட்ரஜன் சயனைடாகிறது. அதன் கொதிநிலை ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸ். எனவே நம் வெயிலில் அது தானே பறந்துபோகும். எடைக்கணக்கில் 247 கிராம் லினமாரினிலிருந்து 27 கிராம் ஹைட்ரஜன் சயனைடு வரும்.

கிழங்கைப் பக்குவம் செய்யும் முறைகளுக்கெல்லாம் காரணம் இந்தப் படிகளில் இருக்கிறது. பெரிய துண்டுகளைக் கொதிக்கும் நீரில் போட்டால் நொதி வெந்து செயலிழந்துவிடும், முதல் படியே நின்றுபோகும், லினமாரின் கிழங்கிலேயே தங்கும். சிறு துண்டாக்கி, குளிர்ந்த நீரில் வைத்துச் சூடேற்றினால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். லினமாரின் நீரில் கரையும் என்பதால் வேகவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டும். முழு வில்லைகளாக வெயிலில் வேகமாகக் காயவைப்பதிலும் இதே குறை. நொதியும் லினமாரினும் கலக்கும் முன்பே ஈரம் போய்விடும். இடித்துக் காயவைப்பது மேல். ஏற்கெனவே மாவாகிவிட்டதென்றால் அதை நீர்விட்டுப் பிசைந்து மெல்லிய படலமாகப் பரப்பி, நிழலில் 5 மணி நேரமோ வெயிலில் 2 மணி நேரமோ விடும் முறை உண்டு. ஈரம் பட்டதும் மாவில் எஞ்சிய நொதி மறுபடி வேலையைத் தொடங்கும். படலம் மெலிதாக இருந்தால்தான் வாயு வெளியேறும். உண்ணும் மரவள்ளி மாவில் மொத்த ஹைட்ரஜன் சயனைடு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் அளவு.

புளிப்பு ஏறினால் கதை மாறுகிறது. இரண்டாம் படிக்குப் புரோட்டான் இழப்பு தேவை; அமிலத்தில் அது அரிது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு 5-க்குக் கீழே போனால் அசிட்டோன் சயனோஹைட்ரின் உடையாமல் தேங்கும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து வரும் திப்பி, அதாவது மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை, புளித்துக் கிடந்தால், வாயு எல்லாம் போயிருக்கும் என்று நம்பி அதை மாட்டுக்குப் போடக் கூடாது. வயிற்றுக்குள் போனால் மாட்டின் முதல் இரைப்பையில் பி.எச். மதிப்பு 6-ஐ ஒட்டி அல்லது அதற்கு மேலே இருக்கும். தேங்கியிருந்தது அங்கே உடையும். உரித்த தோலுக்கும் இலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கிழங்குச் சதையைவிட அவற்றில் லினமாரின் கூடுதல்.

இதே இரண்டாம் படியின் எதிர்த்திசையை, அதாவது அசிட்டோன் போன்ற கார்பனைல் சேர்மத்தோடு ஹைட்ரஜன் சயனைடு சேர்வதை, வேதியியலர் ஆர்தர் லாப்வொர்த் 1903-இல் ஆராய்ந்தார். சிறிது காரம் சேர்த்தால் வேகம் கூடியது, அமிலம் சேர்த்தால் குறைந்தது. சேர்வது சயனைடு அயனியே என்று அதிலிருந்து முடிவு செய்தார். ஒரு வினையின் படிகளைச் சோதனை வழியே பிரித்துக் காட்டிய மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று. முன்னோக்கி நடக்கும் படிகளே பின்னோக்கியும் நடக்கும் என்பதால், அவர் கண்டது மரவள்ளிக்கும் அப்படியே பொருந்துகிறது.

வேக அளவீடு தவிர வேறு சான்றுகளும் உண்டு. 1934-இல் போலன்யி, சாபோ என்ற வேதியியலர்கள் கனமான ஆக்சிஜன்-18 கொண்ட நீரில், அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் எஸ்டரைக் காரத்தால் சிதைத்தார்கள். அந்த ஆக்சிஜன் ஆல்கஹாலில் சேரவில்லை. ஆகவே முறிந்தது அசைல் பக்கத்துப் பிணைப்பு, அதாவது எஸ்டரின் அமிலப் பகுதிக் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ளது. ஆனால் எவ்வளவு சான்று சேர்ந்தாலும் ஒரு வினைவழிமுறை ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதுவது தவறு. ‘சான்றுகளோடு ஒத்துப்போகிறது’ என்றே எழுத வேண்டும். ஒத்துப்போகாத ஒரே அளவீடு போதும், அதைக் கைவிட.

எழுதும்போது கவனிக்க இன்னொன்று: இடைநிலைப் பொருளும் கிளர்வுற்ற அணைவும் வேறு. முன்னது குறுகிய காலமேனும் நிலைத்திருக்கும், சில வினைகளில் பிரித்தெடுக்கவும் முடியும். அசிட்டோன் சயனோஹைட்ரின் அப்படிப்பட்டது. பின்னது ஆற்றல் உச்சியில் கணத்தில் கடந்துபோவது, எந்தப் புட்டியிலும் அடைக்க முடியாது. இரண்டையும் ‘இடைநிலை’ என்று ஒரே சொல்லால் எழுதும் வழக்கம் வகுப்புக் குறிப்புகளில் இருக்கிறது. ‘பொருள்’ என்பதை விடாமல் சேர்த்தால் குழப்பம் வராது. வினைவழிமுறை என்பதில் வல்லினம் மிகாது, இடம் விடாமல் ஒரே சொல்லாக எழுதலாம். படிகள் என்றால் வினைவழிமுறையின் படிகள். ‘வினைவழிமுறைகள்’ என்று பன்மையில் எழுதினால் வெவ்வேறு வழிகள் என்று பொருள் மாறிவிடும்.